மின்னஞ்சல் மோசடி தொடர்பாக நான்காம் முறையாக அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
இணையக் குற்றத் தடுப்புப் பிரிவு.

பொருள்: என் மின்னஞ்சல் கணக்கு களவு போய், என் பெயரில் அண்டை வீட்டாருக்குப் போலி மின்னஞ்சல் சென்றது – அவற்றை நான் அனுப்பவில்லை என்று எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த மூன்று மனுக்கள். (மூன்றுக்கும் பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். போன வருடம் எங்கள் கூடத்துக்கு வந்து விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினீர்கள். அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து அடுத்தடுத்து நான்கு கேள்வி கேட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் தங்களுக்கு நினைவிருக்கலாம். இந்த மனு முக்கியமாக அவரைப் பற்றியது.

ஐந்து மாதங்களுக்கு முன், ‘உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்’ என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கைப்பேசியில் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரிந்தது. பெயரைத் தட்டியிருந்தால் முகவரி தெரிந்திருக்கும், தட்டவில்லை. இணைப்பை அழுத்தினேன். எப்போதும் கடவுச்சொல்லைத் தானே நிரப்பிக் கொடுக்கும் மென்பொருள் அன்று நிரப்பவில்லை. இது வேறு தளம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்து நானே கையால் அடித்தேன். ஓடிபி கேட்டது, அதையும் கொடுத்தேன். அதை அவர்கள் அப்போதே உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். இது என் தவறுதான். மூன்று மனுவிலும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பின் நடந்தவை பற்றியே என் கோரிக்கைகள்.

1. என் மனுவை ஒரு மனிதர் படித்து, ஒரு மனிதர் பதில் எழுத வேண்டுகிறேன்.

2. போலி மின்னஞ்சலை அச்சிட்டு மூன்று நகல் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தேன். ஆனால் அஞ்சல் எந்தெந்த வழங்கிகளை (சர்வர்களை) கடந்து வந்தது என்ற விவரமெல்லாம் அதன் மறைந்திருக்கும் தலைப்புத் தகவலில்தான் இருக்கிறது. அச்சுத்தாளில் அது வராது. சாதாரணமாக ஃபார்வர்டு செய்தாலும் போய்விடும். மூல அஞ்சலை அப்படியே இணைப்பாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினேன். ‘இணைப்புகளைத் திறப்பதில்லை’ என்றார்கள். சரி, பென்டிரைவில் தருகிறேன் என்றேன். அதை வாங்க யாருக்கு அதிகாரம் என்று இன்றுவரை தெரியவில்லை.

3. இதுதான் மனுவின் உயிர். தயவுசெய்து இதை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

உள்ளே நுழைந்தவர்கள் சத்தம் போடவில்லை. பத்து நாள் என் அஞ்சல்களைப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணம் பற்றி ஆசிரியரும் நானும் எழுதிக்கொண்ட பழைய அஞ்சல் தொடரைக் கண்டெடுத்து, அதே தொடரில், என் முகவரியிலிருந்தே, ‘சங்கத்தின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்’ என்று எழுதினார்கள். முகவரி உண்மை. கீழே இருந்த என் பழைய வரிகளும் உண்மை. கணக்கு எண் மட்டும்தான் பொய்.

ஆசிரியர் தாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே நடந்தார். சந்தேகம் வந்தால் கேளுங்கள் என்றீர்கள், ‘நீங்கள்தான் அனுப்பினீர்களா?’ என்று கேட்டார். ஆனால் அதே அஞ்சலுக்குப் பதிலாகக் கேட்டார். அந்தக் கேள்வி என் கண்ணில் படவே இல்லை. அவர் அனுப்புவது எல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி என் அஞ்சல் அமைப்பில் ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். பதில் மட்டும் என் பெயரில் போனது: ‘ஆமாம் சார், நான்தான். சீக்கிரம் போட்டுவிடுங்கள்.’

நான் அவரை ஒருநாளும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஐயா என்றுதான் கூப்பிடுவேன். அதையாவது கவனித்திருக்கலாமே என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இழந்த தொகையை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மாடிப்படியில் எதிரே வந்தால் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறார். என்னைத் திருடன் என்று அவர் சொல்லவில்லை ஐயா. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இரண்டு மாடி தள்ளி இருக்கும் மனிதரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்காமல் போனேனே என்று அவருக்கும், கேட்க வைக்காமல் போனேனே என்று எனக்கும் தூக்கம் இல்லை.

விஷயம் தெரிந்ததும் கடவுச்சொல்லை மாற்றினேன். தங்கள் துண்டுப்பிரசுரத்தில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. மாற்றிய பிறகும் கசிந்தது! எனக்கு வரும் அஞ்சலுக்கெல்லாம் ஒரு நகலை வேறு முகவரிக்கு அனுப்பும் இன்னொரு விதி அப்படியே இருந்தது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற வேண்டும், இப்படிப்பட்ட விதிகளைத் தேடி அழிக்க வேண்டும், மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் நம்முடையவைதானா என்று பார்க்க வேண்டும், எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவ்வளவையும் மூன்று வாரம் கழித்து நானாகத் தேடித் தெரிந்துகொண்டேன். பிரசுரத்தில் இன்னும் நான்கு வரிக்கு இடமில்லையா?

4. அந்த மூன்று வாரத்தில் நடந்தது இது. என் முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து தானியங்கிப் பதில் வந்தது. புகார் எண், கீழே ‘நிலையை அறிய இங்கே அழுத்தவும்’. அதன் நகலும் திருடர்களுக்குப் போய்விட்டது. இரண்டாம் நாள், அதே புகார் எண்ணுடன், தங்கள் அலுவலக முகவரியிலிருந்தே வந்ததுபோல ஒரு போலி: ‘விசாரணை முடிந்தது, உள்நுழைந்து பார்க்கவும்.’ பதிலுக்காகக் காத்திருந்தவன் ஐயா நான். விரல் இணைப்பின்மேல் வைத்தாயிற்று. கடவுச்சொல் கேட்டதும்தான் சுதாரித்தேன். இரண்டு அஞ்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போலி இன்னும் கொஞ்சம் நேர்த்தியாக இருந்தது.

தன் பெயரில் வரும் போலி அஞ்சலை ஏற்க வேண்டாம் என்று ஒரு நிறுவனம் உலகத்து அஞ்சல் வழங்கிகளுக்கெல்லாம் அறிவித்து வைக்க டிமார்க் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2015-இலேயே ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 7489 என்ற எண்ணில் வெளியானது. தங்கள் அலுவலகமும் அறிவித்திருக்கிறது. ஆனால் ‘போலி வந்தாலும் எதுவும் செய்ய வேண்டாம்’ என்ற நிலையில். இது ரகசியமில்லை, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். என் மகள் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொன்னாள். காவலாளியை நிறுத்திவிட்டு, யார் வந்தாலும் விட்டுவிடு என்று சொன்ன கதை. ‘தள்ளிவிடு’ என்ற நிலைக்கு மாற்றுங்கள். தங்கள் அஞ்சல்களில் இணைப்பே வைக்காதீர்கள். எண்ணைக் கொடுங்கள், நாங்களே தளத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.

5. கூட்டத்தில் ‘பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம்’ என்றீர்கள். மன்னிக்க வேண்டும், என்னை ஏமாற்றிய பக்கத்திலும் பூட்டு இருந்தது. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. பார்க்க வேண்டியது முகவரியை: தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில், .com, .in போன்ற முடிவை ஒட்டி நிற்கும் பெயர்தான் தளத்தின் சொந்தக்காரர். அதற்கு முன் எத்தனை நல்ல பெயர் வேண்டுமானாலும் அடுக்கலாம். பிழை மலிந்திருந்தால் போலி என்றும் சொன்னீர்கள். எனக்கு வந்ததில் ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை.

6. கடிதம் ஐயா. ஒரே ஒரு கடிதம். ‘இன்ன நாள்களில் இந்த முகவரியிலிருந்து சென்ற அஞ்சல்களை அதன் உரிமையாளர் அனுப்பவில்லை’ என்று தங்கள் முத்திரையோடு இரண்டு வரி. நான் அறியாத இடத்திலிருந்து உள்நுழைந்த பதிவுகளும் மூல அஞ்சல்களும் பென்டிரைவில் இருக்கின்றன, சரிபார்த்துவிட்டே தாருங்கள். பணம் திரும்பி வராது என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். குற்றவாளியைப் பிடித்துத் தாருங்கள் என்றுகூட நான் இப்போது கேட்கவில்லை. நான் எழுதவில்லை என்று நானே எழுதினால், அதையும் யார் எழுதினார்கள் என்று கேட்கிறார்கள்.

7. மேலே 6-இல் உள்ளதே.

கடிதத்தைத் தபாலில் அனுப்பும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். மின்னஞ்சலில் வந்தால் எங்கள் குடியிருப்பில் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்.

இணைப்பு: பென்டிரைவ் 1. முந்தைய மனுக்களின் நகல் 3.