கொளத்துல என்றாலும் குளம்தான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கையில் ஒன்றும் இல்லாமல் உனக்குப் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம். இப்போது எழுதலாம். மாமாவின் பேச்சு கிடைத்துவிட்டது. நாற்பத்திரண்டு நிமிடம் பேசியிருக்கிறார். ஒலியும் இருக்கிறது, அதைக் கேட்டுத் தட்டச்சு செய்த எழுத்தும் இருக்கிறது. இரண்டையும் ஒரு பென்டிரைவில் போட்டு இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அத்தைக்கு முதலில் போட்டுக் காட்டு. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். "அப்பா குளத்தைப் பற்றி, 1992 வெள்ளத்தைப் பற்றிப் பேசினதை யாரோ வந்து பதிந்துகொண்டு போனார்கள், உன் சேகரிப்பில் இருக்கிறதா பார்" என்றாய். தாமிரபரணிப் பாசனக் குளங்களைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிந்த ஏறக்குறைய மூவாயிரம் ஆவணங்கள் இப்போது என் பொறுப்பில்தான் இருக்கின்றன. சரி, தேடிப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். மாமாவின் பெயரைப் போட்டேன், இல்லை. "குளம்" போட்டேன், நிறைய வந்தது, அவர் இல்லை. "வெள்ளம்", "மறுகால்", "1992" எதற்கும் வரவில்லை. பதியவே இல்லையோ என்று ஒரு வாரம் நம்பிவிட்டேன்.

இந்த ஆவணங்கள் இருப்பது மோங்கோ டிபியில். ஒவ்வொரு பேட்டியும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் படம் இருக்கும், ஒன்றில் வரைபடம், ஒன்றில் வெறும் பேச்சு. அட்டவணைக்குள் அடைக்க முடியாது என்பதால்தான் ஆவணத் தரவுத்தளத்தை எடுத்தோம். அதில் சொல்லைத் தேட டெக்ஸ்ட் இண்டெக்ஸ் என்று ஒன்று உண்டு. நீ வைத்திருக்கும் பழைய பதிப்புப் புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதேதான். எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் அந்தச் சொல்லடைவைப் போடவே விடவில்லை. "லாங்குவேஜ் ஓவர்ரைடு அன்சப்போர்ட்டட்: டமில்" என்று பிழை காட்டியது. எங்கள் ஆவணங்களில் பேட்டி எந்த மொழி என்று குறிக்க லாங்குவேஜ் என்றொரு புலம் (படிவத்தில் வரும் கட்டம் மாதிரி), அதில் டமில் என்ற மதிப்பு. அந்தப் பெயரில் புலம் இருந்தால் மோங்கோ தானாகவே அந்த மொழியின் விதிப்படி சொற்களை வெட்டப் பார்க்கும். அதற்குத் தெரிந்தவை 15 மொழிகள். டேனிஷ், பின்னிஷ், துருக்கி எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. மொழி எந்தப் புலத்தில் இருக்கிறது என்று வேறு பெயர் கொடுத்து, எந்த மொழி விதியும் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொண்டது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. இவ்வளவு பேர் பேசும் மொழி இங்கே அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

மொழி விதி வேண்டாம் என்றால் என்ன ஆகும் தெரியுமா? குளம், குளத்தை, குளத்தில், குளத்துக்கு, குளங்கள் எல்லாம் வெவ்வேறு சொற்கள். "குளம்" என்று தேடினால் "குளம்" என்று அப்படியே இருக்கும் ஆவணம் மட்டும் வரும். யோசித்துப் பார், நாம் பேசும்போது வெறும் குளம் எத்தனை தடவை வருகிறது? குளத்துக்குப் போனேன், குளத்தில் தண்ணி இல்லை, இப்படித்தானே. சொல்லின் பாதியைக் கொடுத்தாலும் இந்தச் சொல்லடைவு தராது. சரி, "குள" என்ற எழுத்துகள் எங்கே இருந்தாலும் கொண்டு வா என்று ரெஜெக்ஸ், அதாவது எழுத்துக் கோவையை வைத்துத் தேடும் முறை, போட்டேன். அது சொல்லடைவைப் பார்க்காது, மூவாயிரம் ஆவணத்தையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். மெதுவாக என்றாலும் வந்தது. ஆனால் குளிர், குளித்தான், குளவி எல்லாம் சேர்ந்து வந்தன. கணினிக்கு "ளி" ஓர் எழுத்து இல்லை. ள என்று ஒரு குறி, பக்கத்தில் கொக்கி என்று இன்னொரு குறி. அதனால் குளிருக்குள்ளும் "குள" இருக்கிறது.

புள்ளியில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஒருநாள் வேப்பங்குச்சி பற்றிய பேட்டி ஒன்றுக்காக "பல்" என்று தேடினேன். ஊர்ப்பட்ட ஆவணம் வந்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் "பல". பல ஊர், பல வருஷம். 2015 கடைசியில் வந்த 3.2 பதிப்பிலிருந்து மோங்கோ, எழுத்தின் மேல் வரும் ஒலிக்குறிகளைக் கண்டுகொள்ளாமல் தேடுகிறது. பிரெஞ்சுக்காரர் குறி போடாமல் தட்டினாலும் சொல் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். கணினிகள் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பயன்படுத்தும் யூனிகோடு பட்டியலில் நம் புள்ளியும் அந்த ஒலிக்குறிகளோடு இருக்கிறது. ஆகவே புள்ளியை உதறிவிடும். மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகிவிடும். கல்விக்கும் கலவிக்கும் வேறுபாடு இல்லை என்று ஒரு இயந்திரம் சொன்னால் தமிழ் வாத்தியார் நீ சும்மா இருப்பாயா? ஒலிக்குறியைக் கவனி என்று தேடும்போது தனியாகச் சொன்னால் கேட்கிறது. சொல்ல வேண்டும் என்பது தெரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

அப்புறம் கொக்கிரகுளம் என்ற ஊர்ப்பெயரில் ஒரு சிக்கல். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யாரோ யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார்கள். அவற்றில் "கொ" என்பது க, அதற்கு ஒற்றைக்கொம்பு, அதற்கு ஒரு கால் என்று மூன்று குறிகளாக இருக்கிறது. நாம் இப்போது தட்டினால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக விழும். திரையில் அச்சு அசல் ஒன்றுதான், பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு. இதைச் சரிசெய்ய யூனிகோடிலேயே வழி இருக்கிறது, எல்லா ஆவணத்தையும் ஒரு முறை அதில் போட்டு எடுத்தேன். ஆனால் பௌர்ணமியைச் சிலர் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருப்பதை அதுவும் திருத்தாது. அதற்குத் தனியாக விதி எழுதினேன்.

இதெல்லாம் முடிந்தும் மாமா கிடைக்கவில்லை. அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. விடுதியில் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி நீ புணர்ச்சி விதிகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பாய், நான் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொள்வேன். மரம், அத்துச் சாரியை, ஐ உருபு, மரத்தை. அந்த அத்துச் சாரியைதான் இப்போது என் வேலை. "த்தை", "த்தில்", "த்துக்கு", "த்தின்" என்று முடியும் சொல்லைப் பிடி, அதை வெட்டு, "ம்" சேர். குளத்தை குளம் ஆனது. சந்தோஷப்பட்டு ஓடவிட்டேன். எழுத்தை "எழும்" ஆனது. கழுத்தில் "கழும்" ஆனது. "ங்கள்" வந்தால் "ம்" என்று பன்மைக்கு ஒரு விதி போட்டேன், திங்கள் "திம்" ஆகி நின்றது. ஆகவே பெயர்ச்சொல் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, வெட்டி வந்த சொல் பட்டியலில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று மாற்றினேன். இப்படி வெட்டிய சொற்களை ஒவ்வொரு ஆவணத்திலும் தனிப் புலத்தில் சேர்த்து, அதற்குச் சாதாரண இண்டெக்ஸ் போட்டேன். அதில் புள்ளி புள்ளியாகவே இருக்கும். பொருத்தத்துக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் வசதி போனது, போகட்டும்.

அப்படியும் அவர் வரவில்லை. பேட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. தட்டச்சு செய்தவர் நல்லவர், பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறார். "கொளத்துல". குளம் என்று எழுதுகிறோம், கொளம் என்றுதானே பேசுகிறோம்! உடம்பு ஒடம்பு, விறகு வெறகு. முதல் எழுத்தில் இகரமோ உகரமோ இருந்து அடுத்தது அகர எழுத்தாக வந்தால் பேச்சில் எகரம், ஒகரம் ஆகிவிடுகிறது. எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து அந்தத் தனிப் புலத்தில் வைத்தேன். "ல" என்ற உருபுக்கும் வழி செய்தேன். தேடுகிறவர் தட்டும் சொல்லும் அதே வழியாகத்தான் போய் வரும்.

அன்று ராத்திரி பதினொரு மணி இருக்கும். "குளம்", "மறுகால்" இரண்டும் வரும் பேட்டிகளைக் கேட்டேன். அதுவரை எந்தத் தேடலிலும் வராதவை நூற்றுக்கணக்கில் வந்தன. நடுவில் ஒன்று, பேசியவர் பெயர் என்ற இடத்தில் "நீர்பாய்ச்சி ஒருவர்" என்று மட்டும் போட்டிருந்தது. திறந்தேன். "தொண்ணூத்திரண்டுல கொளம் ரெண்டு எடத்துல மறுகா பாஞ்சுது, மடைய தொறக்க நான் போனப்ப எங்க வீட்ல அழுதா, பய சின்னப்பய" என்று இருந்தது. ஒலியைப் போட்டேன். மாமா குரல்தான். அந்தச் சின்னப்பய நீதானே. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆவணத்தில் அவர் பெயரை நான் சேர்த்துவிட்டேன். சரியான எழுத்துக்கூட்டு இதுதானா என்று பார்த்துச் சொல். இப்போது "1992" என்று தேடினாலும் வருகிறார், ஆண்டை எண்ணாகவும் குறித்து வைத்திருக்கிறேன்.

உன்னால் இரண்டு வேலை ஆக வேண்டும். "த்து" என்று முடியும் பெயர்ச்சொற்கள் எனக்கு வேண்டும், எழுத்து, கழுத்து, முத்து, வித்து மாதிரி. உன் நோட்டில் அகரவரிசையில் இருக்கும் என்று நினைக்கிறேன், போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். இரண்டாவது, முப்பத்தோராவது நிமிடத்தில் மாமா மடையின் ஒரு பாகத்துக்கு ஒரு பெயர் சொல்கிறார். தட்டச்சு செய்தவர் அங்கே கேள்விக்குறி போட்டு விட்டுவிட்டார். நானும் நான்கைந்து தடவை கேட்டேன், பிடிபடவில்லை. அத்தைக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுது, அந்த இடத்தில் நிரப்பி வைக்கிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு வருகிறேன்.

உன்,
பழைய அறைத்தோழன்