நான்கு மாமாங்கம்

கும்பகோணம்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. சின்னவன் சேர்ந்திருக்கும் சாரணர் குழுவில் ஆள் பற்றவில்லை, உன்னையும் வந்து நடத்தச் சொல்கிறார்கள், போகலாமா என்றாய். அதற்கு அப்போதே சரி என்றிருப்பேன். கூடவே, "இத்தனை வருஷம் சாரணர் படை நடத்தி உங்களுக்கு என்னப்பா கிடைச்சுது?" என்று ஒன்று கேட்டாயே, அங்கேதான் வாயடைத்துவிட்டது.

கிடைத்ததை எண்ணினால் சீக்கிரம் முடிந்துவிடும். சம்பளம் கிடையாது. வாங்கிய சம்பளம் கணக்குப் பாடம் நடத்தியதற்கு. மத்தியப் பிரதேசத்துப் பச்மரிக்குப் போய்ச் சாரணர் ஆசிரியர் பயிற்சி எடுத்ததில் கிடைத்த ஹிமாலயா வுட் பேட்ஜ், தோல்வாரில் கோத்த இரண்டு மரமணிகள். பல் முளைக்கும் வயதில் நீ கடித்துப் பார்த்தவை. அப்புறம் பீரோவில் ஒரு கட்டுச் சான்றிதழ். அவ்வளவுதான்.

ஆசைப்பட்டுச் சேர்ந்தேன் என்றும் சொல்ல முடியாது. 1977இல் வேலைக்குப் போனேன். புதிதாக வருகிற சின்ன வாத்தியார் தலையில் சாரணர் படையைக் கட்டுவது வழக்கம். எலி கடித்த ஒரு கூடாரமும் நாலு கயிறும் கொடுத்தார்கள். எனக்கு ஒரு முடிச்சும் தெரியாது. பையன்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்களிடமே கற்றுக்கொண்டேன்.

எது பிடித்துப்போய் நின்றேன் என்று யோசித்தால் அணைக்கரை முகாம் ஞாபகம் வருகிறது. கொள்ளிடக் கரையில் மூன்று நாள். ஆறேழு பேர் ஓர் அணி, ஓர் அணித்தலைவன், அவனவன் அணிக்கு அவனவன் சமையல். முதல் நாள் சாயங்காலம் ஓர் அணி தீப்பெட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. பக்கத்து அணியிடம் கேட்க ரோஷம். என் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை துடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் சண்டை, யார் மறந்தது என்று. அப்புறம் இரண்டு பேர் இருட்டில் கரையேறிப் போனார்கள். திரும்பும்போது ஒருவன் கையில் கொட்டாங்கச்சி, உள்ளே தணல். குடிசை வீட்டு ஆயா ஒருத்தி அடுப்பிலிருந்து அள்ளிப் போட்டிருக்கிறாள். அடுத்தவன் காற்று படாமல் துண்டால் மறைத்துக்கொண்டே வந்தான். அன்று ராத்திரி அவர்கள் வடித்த சோறு அடிப்பிடித்துப்போயிருந்தது. எனக்கும் ஒரு தட்டு வந்தது, பேசாமல் சாப்பிட்டேன். நீ போனால் கஷ்டப்படப்போவது இந்த இடத்தில்தான். நீ பொறுமையில்லாதவள், பையன் ஷூ லேஸ் கட்டுவதற்குள் நீயே குனிந்துவிடுவாய்.

"வெள்ளைக்காரங்க விஷயத்துல நாம போய்" என்று இழுத்தாய். பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் முகாம் போட்டுச் சாரணர் இயக்கத்தை ஆரம்பித்தது உண்மைதான். இங்கே 1909இல் வந்தபோதும் நம் பையன்களைச் சேர்க்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனியாகச் சங்கம் தொடங்கினார். 1921இல் பேடன் பவல் நேரில் வந்து பார்த்தபிறகுதான் மனசு மாறியது. அதனால் அந்தக் கூச்சம் உனக்கு வேண்டாம். சாரணர்கள் இடது கையால் கைகுலுக்குவதுதான் எனக்கு ஊரில் பெரிய தலைவலி. "வாத்தியார் நம்ம பிள்ளையை மரியாதை தெரியாதவனாப் பண்றார்" என்று ஒரு தாத்தா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கேடயம் பிடிக்கிற கையைக் கொடுத்தால் நம்பிக்கை என்று அர்த்தம் என்றேன். அவர் நம்பவில்லை.

மகாமகம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1980, 92, 2004, 2016, நான்கிலும் பணி செய்தேன். கடைசி மகாமகம் பிப்ரவரி 22, பேடன் பவல் பிறந்தநாள். அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டவன் ஊரில் நான் ஒருத்தன்தான் போல. 1992 பற்றி உன்னிடம் பேசியதில்லை. குளக்கரையில் நெரிசலில் உயிர்கள் போன அன்று நம் பையன்கள் ரயிலடிப் பக்கம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வந்ததும் தலை எண்ணினேன். ஒன்று குறைந்தது. முக்கால் மணி நேரம் அந்தப் பையன் வரவில்லை. வழி தெரியாத ஒரு பாட்டியைக் கைபிடித்து பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடந்து வந்தான். வந்ததும் ஓங்கி ஓர் அறை விட்டேன். அவன் செய்ததில் தப்பே இல்லை. இன்றும் கடைத்தெருவில் பார்த்தால் "சார்" என்று நிற்கிறான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

2004இல் காணாமல்போன பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற வேலை. ஒரு பொடியனிடம் அப்பா பேர் என்ன என்றால் "அப்பா" என்றான். அதற்குமேல் தகவல் இல்லை. அவன் வீட்டார் வரும்வரை என் ஸ்கார்ஃபைப் பிடித்தவன் விடவில்லை. வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. நீ பிளஸ் டூ. இயற்பியல் புத்தகத்தின் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். லைட்டை அணைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் விடியும் முன்னே திரும்பவும் போய்விட்டேன். நீ என்ன படிக்கிறாய், எது கஷ்டம் என்று அந்த வருஷம் நான் கேட்கவே இல்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அப்போதெல்லாம் அம்மாவிடம் சொல்வேன். "ஊரார் பிள்ளைன்னா பெண்டாட்டி. அவளுக்கு ஊட்டினா வயித்துல இருக்கற பிள்ளை வளரும்னு அர்த்தம். பழமொழியையாவது ஒழுங்காச் சொல்லுங்க" என்பாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்ததில்லை.

நீ போ. போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்களே என்று அலுத்துக்கொண்டாய், கேட்கட்டும். பிள்ளைகளை ஒப்படைக்கிற இடத்தில் அது வேண்டியதுதான், எங்கள் காலத்தில் யாரும் கேட்டதில்லை. வாரத்தில் ஒரு சாயங்காலத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சரி சொல். நான் உன் அம்மாவைக் கேட்கவில்லை.

சின்னவன் முடிச்சுப் போட்டு அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். அது ரீஃப் நாட் இல்லை, வழுக்கிவிடும். வலதை இடதின் மேல் போட்டான், சரி. அடுத்து இடதை வலதின் மேல் போட வேண்டும். அவன் மறுபடியும் வலதையே போட்டிருக்கிறான். நீ கட்டிக் காட்டாதே. இரண்டு நுனியையும் உள்ளே தள்ளிப் பார்க்கச் சொல், ஏன் வழுக்குகிறது என்று அவனே சொல்லட்டும். தெரியவில்லை என்றால் சனிக்கிழமை வீடியோவில் கூப்பிடச் சொல். கயிறோடு உட்கார்ந்திருப்பேன்.

அப்பா