திவால் மனுவா, காத்திருப்பா?

அன்பு மகளுக்கு,

நான்கு கிரெடிட் கார்டுகளிலுமாக 38,000 டாலர் நிற்கிறது, திவால் மனு போடுவதா, கட்டாமல் ஆறு ஆண்டுகளைக் கடத்திவிடுவதா என்று கேட்டு எழுதியிருந்தாய். அந்தக் கடன் எப்படி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. வேலையில்லாத மாதங்களில் வாடகையை எதிலிருந்து கொடுத்திருப்பாய் என்பது தெரியாதவளா நான். கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் காலம் தள்ளியவள் என்பதால், உங்கள் ஊர்ச் சட்டத்தையும் இந்த நாட்களில் தேடிப் படித்தேன்.

நீ இருக்கும் நியூஜெர்சியில் கார்டு கடனுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டுக் காலவரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளுக்குள் எந்த நாளிலும் அவர்கள் வழக்குப் போடலாம் என்பதும் அதற்குள்ளேயே அடக்கம். 180 நாள் தவணை கட்டாவிட்டால் வங்கி அதை வராக்கடன் என்று எழுதித் தள்ளும். அதனால் கடன் தள்ளுபடி ஆகிவிடும் என்று உன் தோழி சொல்வது சரியல்ல, பெரும்பாலும் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கும் வசூல் நிறுவனத்திடம் போய்ச் சேரும். அவர்கள் அனுப்பும் சம்மனுக்கு 35 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்யாவிட்டால் உன் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிடும். அத்தகைய தீர்ப்பு உங்கள் மாநிலத்தில் 20 ஆண்டுகள் உயிரோடிருக்கும், அதை வைத்துச் சம்பளத்திலும் வங்கிக் கணக்கிலும் கை வைக்கலாம். சொத்தும் சம்பளமும் இல்லாமல் சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு ஓய்வூதியப் பணத்தில் காலம் தள்ளும் முதியவர் என்றால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு, ஏனென்றால் அவரிடம் பிடிக்க எதுவுமில்லை. மறுபடியும் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் உனக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

ஆகவே சாப்டர் 7 மனுவை, அதாவது விலக்கில்லாத சொத்து இருந்தால் அதை விற்றுக் கொடுத்துவிட்டு மிச்சக் கடனை நீக்கும் திவால் வகையைத்தான் நீ முதலில் யோசிக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம் 338 டாலர், வக்கீல் கட்டணம் தனி. மனு போடுவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் கடன் ஆலோசனை வகுப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். மனு தாக்கலான அந்த நேரத்திலிருந்தே வசூல் அழைப்புகளும் வழக்குகளும் நிற்க வேண்டும் என்பது சட்டம். சிக்கல் இல்லாவிட்டால் நான்கைந்து மாதங்களில் கார்டு கடன் நீங்கிவிடும். கிரெடிட் அறிக்கையில் திவால் பத்து ஆண்டுகளும், கட்டாத கடன் ஏழு ஆண்டுகளும் தெரியும் என்பதை வைத்து இரண்டாவதே மேல் என்று கணக்குப் போடாதே. அதைவிட அவசரமான கணக்கு ஒன்று இருக்கிறது: மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு மாத வருமானத்தின் சராசரியை மாநிலத்தின் நடுத்தர வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். வேலையில்லாத மாதங்கள் ஒவ்வொன்றாக அந்த ஆறிலிருந்து வெளியேறும்போது உன் சராசரி ஏறிக்கொண்டே போகும். சராசரி அந்த நடுத்தர வருமானத்தைத் தாண்டினாலும் செலவுகளைக் கழித்துப் பார்க்க வழியுண்டு, ஆனால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தவணை கட்டும் சாப்டர் 13 பக்கம் தள்ளப்படலாம்.

இனி, நம் ஊர் மனை. அது என் பணத்தில் வாங்கியதாக இருந்தாலும் பத்திரம் உன் பெயரில் இருக்கிறது. உன் சொத்து உலகின் எந்த மூலையில் இருந்தாலும் மனுவில் காட்டியாக வேண்டும். மறைத்தால் கடன் நீங்காது என்பது மட்டுமல்ல, அது குற்றமும் ஆகும். என் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டால் போயிற்று என்று உன் பெரியப்பா போனில் யோசனை சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நடந்த அத்தகைய மாற்றங்களை அங்கே டிரஸ்டி, அதாவது திவால் வழக்கில் உன் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்படும் பொறுப்பாளர், தோண்டி எடுத்து ரத்துசெய்ய முடியும், ஏமாற்றும் நோக்கம் என்று தெரிந்தால் மனுவே வீணாகும். மனை அப்படியே இருக்கட்டும். சொந்த வீடு இல்லாதவர்கள் டிரஸ்டி எடுக்க முடியாத சொத்துகளைச் சொல்லும் மத்திய விலக்குப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் 17,000 டாலருக்குச் சற்று மேல் எந்தச் சொத்துக்கும் விலக்குக் கேட்கலாம் என்று படித்தேன். மனையின் மதிப்பு அதற்கு மேல் போனால் மிச்சத்துக்கு டிரஸ்டி என்ன கேட்பார், பணம் போட்டவள் நான் என்பதற்கு அங்கே மதிப்புண்டா என்பதையெல்லாம் திவால் வழக்குகளையே பார்க்கும் வக்கீலிடம் கேள். மனை போகுமென்றால் அதை முறையாக விற்று வங்கிகளோடு பேசி முடிப்பது மேலா என்பதையும் அவரே சொல்லட்டும். அப்படிப் பேசி முடித்தால் தள்ளுபடியாகும் தொகை வருமானமாகக் கருதப்பட்டு வரி வரக்கூடும். திவாலில் நீங்கும் கடனுக்கு அந்த வரி இல்லை.

வக்கீலைப் பார்க்கும்வரை 401-கே ஓய்வூதியக் கணக்கிலிருந்து ஒரு டாலரும் எடுத்துக் கார்டுக்குக் கட்டாதே. திவாலிலும் அந்தப் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. கார்டுகளில் புதிதாக எதுவும் வாங்காதே. ஹூஸ்டன் மாமா கொடுத்த பணத்தையும் இப்போது திருப்பாதே, ஏனென்றால் மனுவுக்கு முந்தைய ஓராண்டில் உறவினருக்குக் கொடுத்ததை அவரிடமிருந்தே டிரஸ்டி திரும்ப வாங்கலாம். மாமா வருத்தப்பட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

மூலப் பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் இந்த வாரம் எடுத்துவிடுவேன், வழிகாட்டி மதிப்போடு பக்கத்து மனைகள் போன விலையையும் விசாரித்து எழுதி அனுப்புகிறேன். வக்கீல் வேறு என்ன காகிதம் கேட்கிறார் என்று எழுது.

அன்புடன்,
அம்மா