சிமெண்டுக்கு முன் ஒரு வார்த்தை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் "நல்லா இருக்கேன்மா" என்று ஒரே மூச்சில் இரண்டு தரம் சொன்னாயே, அன்றிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. மருமகள் வாயைத் திறக்கவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இப்போதெல்லாம் இடுப்பு உடைந்து வரும் வயதானவர்களுக்குப் பாதி மூட்டு மாற்றும் ஹெமி என்றால், தொடை எலும்புக்குள் இறக்கும் ஸ்டெம் தண்டை நீ எலும்பு சிமெண்ட் இல்லாமல்தான் போடுகிறாய், கேஸ்களையும் தள்ளிப்போடுகிறாய் என்பது மட்டும் பேச்சுவாக்கில் என் காதுக்கு வந்தது. தங்கச்சி வீட்டு விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அது அடுத்த கடிதத்தில்.

சிமெண்டை விட்டுவிட்டால் அந்த நேரத்துக்குத் தப்பித்த மாதிரி இருக்கும். ஆனால் எண்பது வயதில் தொடை எலும்பின் குழல் அகன்று, சுவர் மெலிந்து கிடக்கும். ஸ்டெம் இறுக்கமாக நிற்கட்டும் என்று சுத்தியலால் தட்டினால் எலும்பு விண்டுபோகும். அன்று விண்டுபோகாவிட்டாலும், நடக்கத் தொடங்கியபின் ஸ்டெம் மெல்லக் கீழே இறங்கி, அடி வைக்கும்போதெல்லாம் தொடை வலிக்கும். 2022இல் வெளிவந்த ஆய்வை எனக்கு அனுப்பியதே நீதான். அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 1,225 பேர். ஸ்டெம்மைச் சுற்றி எலும்பு முறிந்தது சிமெண்ட் போட்டவர்களில் 0.5 சதவீதம், போடாதவர்களில் 2.1 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படி. சிமெண்டே தொடாத பக்கத்திலும் நான்கில் ஒருவர், தம்பி.

சிமெண்ட் ஆபத்தில்லாதது என்று அனஸ்தீசியா டாக்டராகத் திரைக்கு இந்தப் பக்கம் முப்பது வருஷம் நின்ற நான் சொல்ல மாட்டேன். குழலுக்குள் அழுத்தம் ஏறும்போது கொழுப்பும் மஜ்ஜையும் காற்றும் ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய் அடைக்கின்றன. வலது பக்க இதயம் அந்தச் சுமையைத் தள்ள முடியாமல் திணறும். முழு மயக்கத்தில் இருந்தால் முதலில் விழுவது வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு அளவு, அடுத்தது பிரஷர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைக்கும் ஸ்பைனலில் இருந்தால் நோயாளி மூச்சுக்குத் தவிப்பார், சம்பந்தமில்லாமல் பேசுவார். நுரையீரல் நோய், இதய நோய், நீர் பிரிய மாத்திரை, புற்றுநோய் பரவிய எலும்பு, இவை இருந்தால் ஆபத்து கூடுதல்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சொல்லிவிட்டுப் போடு. குழலைக் கழுவப் போகுமுன் ஒரு தரம், சிமெண்ட் போகுமுன் ஒரு தரம், அனஸ்தீசியா டாக்டரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொல், பதில் வரும்வரை கையை நிறுத்து. அந்த நேரத்தில்தான் அவர் ஆக்சிஜனைக் கூட்டுவார், பிரஷர் ஏற்றும் மருந்தை லைனில் சேர்த்து வைப்பார், ஆரம்பத்தில் இருந்த பிரஷரிலிருந்து இருபது சதவீதத்துக்கு மேல் இறங்காமல் பிடித்து நிறுத்துவார். உன் பக்கத்து வேலை உனக்குத் தெரியும். சிமெண்ட் கீழே இறங்காமல் அடியில் ரெஸ்ட்ரிக்டர் அடைப்பு, குழலை நன்றாகக் கழுவி உலர்த்துவது, சிமெண்ட் கன்னால் அடியிலிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வருவது. விரலால் திணிக்கக் கூடாது. தளர்ந்த உடம்பு என்றால் மேலிருந்து கொடுக்கும் அழுத்தத்தையும் குறைத்துக்கொள். ஸ்டெம்மை அவசரமில்லாமல் இறக்கு.

இத்தனையும் செய்த பிறகும் ஒருவர் போய்விடலாம். எழுதிவிட்டேன், இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

உடைந்த இடுப்புகளுக்கு நீ நெயில் என்ற உலோகக் கம்பி வைத்த எக்ஸ்ரேக்களை அப்பா அலமாரியில் இன்னும் வைத்திருக்கிறார். திருகின் நுனிக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரம் எந்தக் கேஸிலும் இருபத்தைந்து மில்லிமீட்டர் கணக்கைத் தாண்டவில்லை, எலும்பைச் சேர்த்து நிறுத்திவிட்டுத்தான் குழலைக் குடையும் ரீமரை எடுத்திருக்கிறாய். எனக்கு ஊசி நூல் கோக்கத் தெரிந்த பிள்ளை என்று அப்போதே சொன்னேன். அப்படிப்பட்டவன் கேஸ்களைத் தள்ளிப்போடுகிறான் என்றால் நான் என்ன நினைப்பது?

தள்ளிப்போட வேண்டியவை சில உண்டு. ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே, சோடியம் 120க்குக் கீழே அல்லது 150க்கு மேலே, பொட்டாசியம் 2.8க்குக் கீழே அல்லது ஆறுக்கு மேலே, தாறுமாறாக 120க்கு மேல் ஓடும் இதயம், கட்டுக்கு அடங்காத சர்க்கரை, புதிதாக வந்த இதயச் செயலிழப்பு, ரத்தத்திலும் பரவிய நெஞ்சுத் தொற்று, சரிசெய்யக்கூடிய ரத்த உறைவுக் கோளாறு. இவற்றுக்கும் காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. வந்த உடனே வைத்தியம் தொடங்கி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்த்து, சரியானதும் மேசைக்குக் கொண்டு போவது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் வந்த அன்றே வைட்டமின் கே. ஆஸ்பிரினுக்காக யாரையும் படுக்க வைக்காதே.

எக்கோ என்ற இதய ஸ்கேனுக்காகவும் வைக்காதே. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன் போலிருக்கிறது. நெஞ்சில் ஒரு முணுமுணுப்பு கேட்டால் போதும், "எக்கோ வந்தபின் பார்க்கலாம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனவள் நான். சனி, ஞாயிறு வந்தால் நாலு நாள். வால்வு சுருங்கியிருப்பதாகவே வைத்துக்கொண்டு, தமனியில் லைன் போட்டு, பிரஷரை விடாமல் பிடித்துக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தெரியும். அந்த எக்கோ நோயாளிக்காக இல்லை, என் மேசையில் யாரும் போய்விடக் கூடாது என்ற பயத்துக்காக. என் மேசையில் போகவில்லை. வார்டில் போனார்கள். குதிகாலில் புண் வந்து, நெஞ்சில் சளி கட்டி, பிள்ளைகளின் பெயர் மறந்து. அவர்களை நான் என் கணக்கில் எழுதவில்லை. நீ கேட்டபோதும் சொல்லவில்லை. பாட்டி விஷயத்தில் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும்.

அதனால், வந்த அன்று, மிஞ்சிப்போனால் மறுநாள். காத்திருக்கும் நேரத்துக்கு இடுப்பில் நரம்பை மரக்கவைக்கும் பிளாக் ஊசி போடச் சொல், அபின் மருந்து குறையும், புத்தி தடுமாறுவதும் குறையும். காலில் எடை கட்டித் தொங்கவிடுவதில் ஒரு பயனும் இல்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் காலை எழுப்பி நிறுத்தி முழு எடையையும் வைக்கச் சொல். பாதி எடை, கால் எடை என்று எழுதினால் அந்த வயதில் யாராலும் கணக்குப் பார்த்து அடி வைக்க முடியாது, படுத்துக்கொள்வார்கள். சிறுநீர்க் கதீட்டரைச் சீக்கிரம் எடு. அடுத்த எலும்பு உடையாமலிருக்க மருந்து எழுதாமல் வீட்டுக்கு அனுப்பாதே.

புதன்கிழமை உனக்கு லிஸ்ட் உண்டு. ஹெமி இருந்தால் சிமெண்டை எடுத்து வைக்கச் சொல். சொல்லிவிட்டுப் போடு. முடிந்ததும், ராத்திரி எத்தனை மணியானாலும் போன் செய். அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டேன். சிமெண்ட் போகும்போது பிரஷர் எவ்வளவு இருந்தது என்று மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா