அம்பர் கேட்பதற்கு முன் ஆழ்கடலில் கண்டதை எழுதிக்கொள்ளுங்கள்

கடல்வாழ் உயிரினங்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். தூத்தூரிலிருந்து தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போகும் ஒரு விசைப்படகுக்குக் கரையில் கணக்கு எழுதுகிறவன் நான். சென்ற மாதம் எங்கள் படகை ஓட்டும் தலைவரான ஸ்ராங்கு உங்கள் அலுவலகம் ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரிந்ததே. அலுவலகத்தின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. கேட்பது ஒன்றுதான்: ஆழ்கடலில் திமிங்கலம் கண்டதாக மீனவன் வந்து சொன்னால், முதலில் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் சொல்ல வந்தது இது. இலட்சத்தீவின் மினிக்காய்த் தீவுக்குக் கிழக்கே, காற்றே இல்லாத ஒரு காலை நேரத்தில், அலகு நீண்ட நான்கு விலங்குகள் படகுக்கு அருகே எழுந்தன. டால்பின் எனப்படும் ஓங்கிலைவிடப் பெரியவை, முதுகுத் துடுப்பு வாலை ஒட்டிப் பின்தள்ளி இருந்தது, மூச்சு விட்டதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சன்னமாக இருந்தது. மூழ்கியவை அரைமணி நேரம் காத்திருந்தும் எழவில்லை. மறுநாள் அதே போன்ற ஒன்று செத்து மிதந்தது. அதைத் தொடாமல், கைப்பேசியில் ஒன்பது படங்கள் எடுத்து, ஜிபிஎஸ் கருவி காட்டிய இடத்தையும் தாளில் குறித்துக்கொண்டு, இருபத்தாறு நாள் கழித்துக் கரையேறியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் உங்களிடம் வந்தார். படித்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று அவரை அனுப்பியவன் நான் என்பதால், இந்த மடலை எழுதும் கடமையும் என்னுடையதாகிறது.

அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "அம்பர் எங்கே?" என்பது. இரண்டு நாளில் அதே கேள்வி நான்கு பேரால் கேட்கப்பட்டது. வாசனைத் திரவியத்துக்காகப் பெருவிலை போகும் அம்பர், எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது என்பதும், அவர் கண்டது போன்ற அலகுத் திமிங்கலத்தின் வயிற்றைக் கிழித்தாலும் அது கிடைக்காது என்பதும் எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் தெரியும். கேட்டவர்களுக்குத் தெரியாதது வியப்பில்லை, அவர்கள் படித்தது சட்டம் மட்டும்தானே. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் திமிங்கலங்களைக் காக்கிறது என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை, அம்பர் கடத்துகிறவர்களைப் பிடிப்பதும் உங்கள் வேலைதான். ஆனால் குறித்து வந்த தாளை ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. கைப்பேசி மட்டும் வாங்கி வைக்கப்பட்டது. அந்த ஒன்பது படங்களும் அதற்குள் இருக்கின்றன.

அந்தப் படங்களின் மதிப்பு என்ன என்று நீங்கள் கேட்கலாம். 1963 ஜனவரியில் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் ஒதுங்கிய ஓர் அலகுத் திமிங்கலத்தைப் புதிய இனம் என்று இலங்கை விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல எழுதினார். சிங்களச் சொற்களிலிருந்தே 'ஹோட்டாவுலா' என்று அதற்குப் பெயரும் வைத்தார். பிறகு வந்தவர்கள் அதை ஜப்பானில் அறியப்பட்டிருந்த வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். தனி இனம்தான் என்று மரபணு ஆய்வு உறுதிசெய்தது 2014இல். அதற்குக் கிடைத்த சான்று இலங்கை, மாலத்தீவு, செஷல்ஸ், பசிபிக் தீவுகள் எல்லாவற்றிலுமாகச் சேர்த்து ஏழே ஏழு விலங்குகள். இன்னோர் இனமான லாங்மன் அலகுத் திமிங்கலத்தின் கதை இன்னும் மோசம்: 1882இல் ஆஸ்திரேலியாவில் ஒரு மண்டை ஓடு, 1955இல் சோமாலியாவில் ஓர் உரத் தொழிற்சாலையின் தரையில் கிடந்த இன்னொன்று, நெடுங்காலம் அவ்வளவுதான் சான்று. இரண்டாவது ஓடு அரைபட்டு உரமாகியிருந்தால் கேட்க ஆளில்லை.

எங்கள் ஸ்ராங்கு கண்டது இவற்றில் எது என்று சொல்லும் படிப்பு எனக்கில்லை. சொல்லக்கூடியவர்களின் மேசைக்குப் போக வேண்டிய தாள் அது. நிலத்தைவிட்டு விலகி, ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஆழத்தில் இரை தேடி, மூச்சுக்கு மட்டும் சில நிமிடம் மேலே வரும் விலங்கை ஆய்வுக் கப்பல் எத்தனை நாள் காத்திருந்து காணும்? நாங்களோ ஆண்டில் பாதிக்குமேல் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாளை எண்ணெய் தேடிக் கடலடியில் வெடியோசை எழுப்ப வரும்போது, இப்பகுதியில் அரிய திமிங்கலங்கள் இருப்பதாகப் பதிவு இல்லை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடலாம். பதிவு செய்ய வந்தவனை இரண்டு நாள் உட்கார வைத்தால் பதிவு எங்கிருந்து இருக்கும்? அலகுத் திமிங்கலங்களுக்கு ஓசை என்ன செய்யும் என்பதை 2000 மார்ச்சில் அவை பஹாமாஸ் கரையில் ஒதுங்கியபோது உலகம் பார்த்தது. நீருக்கடியில் ஒலி எழுப்பித் தேடும் அமெரிக்கக் கடற்படையின் சோனார் கருவிகளே அதற்கு மிகவும் பொருந்தும் காரணம் என்று அந்நாட்டு அரசின் அறிக்கையே சொன்னது.

கோபம் கொஞ்சம் மிகுந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். மீன்பிடித் துறைமுகம் ஒவ்வொன்றிலும் ஒரு பதிவேடு போதும்: நாள், இடம், எத்தனை, எப்படி இருந்தது, படம் உண்டா என்பவை தமிழிலேயே எழுதப்படட்டும். விசாரிக்க வேண்டுமென்றால் எழுதிய பிறகு விசாரியுங்கள், நாங்கள் ஓடிவிட மாட்டோம். பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் அடுத்த தங்கலுக்குப் புறப்படும்போது எங்கள் ஸ்ராங்கு, "இனி திமிங்கலத்தக் கண்டாலும் நான் காணல மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் அந்தக் கைப்பேசியை, படங்கள் அழியாமல், திருப்பித் தரும்படியும், அவர் குறித்து வைத்த இடத்தைப் பதிவேட்டின் முதல் வரியாக எழுதிக்கொள்ளும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தூத்தூரிலிருந்து ஒரு படகுக் கணக்கன்