நடுங்குகிற கையாலேயே கோத்துக் கொடு

அன்புள்ள அம்மா,

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதலாமா என்று உன்னிடம் கேட்டேன். "எழுதிக்கோ, பேரைப் போடாதே, என்னை நல்லவளா ஆக்காதே" என்றாய். மகளிடமும் கேட்டேன். "பாட்டி என்னைத் திட்டினதையும் சேர்த்து எழுதினா சரி" என்றாள். இரண்டு நிபந்தனைகளுக்கும் ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன் வாய்க்குப் பயந்து வளர்ந்தவள் நான். பள்ளியில் வாங்கிய முதல் பரிசை ஓடிவந்து காட்டியபோது "சரி, முதல்ல காலைக் கழுவு" என்றாய். அதனால்தான் இவளுக்கு 15 வயதில் பீதித் தாக்குதல், அதாவது திடீரென்று வந்து ஆட்டும் கடும் பயம், தொடங்கியபோது உன்னிடம் சொல்ல மூன்று வாரம் தயங்கினேன். நொறுங்கிப் போயிருக்கும் பிள்ளையை உன் நாக்கிடம் விட எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதாது. "அம்மா, நான் சாகப்போறேன்" என்று போனில் அழுவாள். நான் ஓடுவேன், கூட்டிவருவேன். அப்புறம் பள்ளி வேண்டாம் என்றாள், சரி என்றேன். லிஃப்ட் வேண்டாம் என்றாள், படியேறினோம். தனியாகப் படுக்கமாட்டேன் என்றாள், அவள் அறையிலேயே படுத்தேன். "எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று ஒரு நாளைக்கு இருபது முறை கேட்பாள். இருபது முறையும் "ஆகாது கண்ணு" என்பேன். ஒரு மாதத்தில் அவள் உலகம் ஓர் அறையாகச் சுருங்கிவிட்டது. அன்பாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்தாய். வந்த அன்று சாயங்காலமே அவள் காதில் விழும்படி "நடிக்கிறாளா?" என்று கேட்டாய். அது தவறு அம்மா, இன்றும் அதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அவள் போர்வைக்குள் போய் அழுதாள். இரண்டு மணி நேரம் கழித்து நீயே அவள் கதவருகில் போய் நின்றாய். "நான் சொன்னது தப்பு. எங்க என்ன பண்ணுதுன்னு எனக்குச் சொல்லு." உன் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

மறுநாள் நீ பிடித்த பிடிவாதத்தில்தான் டாக்டரிடம் போனோம். "மனசுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி உடம்பைப் பாருங்க" என்றாய். அது சரியான வரிசை என்று டாக்டரும் சொன்னார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத்துடிப்பின் தாளத்தில் கோளாறு இருந்தாலும் இதே போலப் படபடக்கும். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் நீ கேட்ட கேள்வியில் எனக்கு உயிரே போய்விட்டது. சுற்றிவளைக்காமல், கண்ணைப் பார்த்து, "சாகணும்னு தோணுதாடி?" என்றாய். உன் வாயைப் பொத்த எழுந்தேன். அவள் பதறவில்லை. "இல்ல பாட்டி. செத்துடுவேனோன்னுதான் பயமா இருக்கு" என்றாள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது! அடுத்த வாரம் மனநல ஆலோசகரும் அதே கேள்வியை அதே போல நேராகத்தான் கேட்டார். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்றார். அவள் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அன்றே செய்ய வேண்டியவை வேறு. அதைத் தெரிந்துகொள்ளவாவது யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? ஒரு மாதமாக நான் கேட்கவே இல்லை.

அப்புறம் அந்த ராத்திரி. பதினொரு மணிக்குக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். நீ கையில் ஒரு கிழிந்த பாவாடையோடு வந்தாய். "நீ எழுந்து வெளியே போ" என்றாய் என்னிடம். வாசற்படியில் உட்கார்ந்து ஊசியையும் நூலையும் அவளிடம் நீட்டினாய்.

"கோத்துக் குடு. எனக்குக் கண்ணு தெரியல."

"கை நடுங்குது பாட்டி."

"நடுங்கட்டும். நடுங்குற கையாலேயே கோத்துக் குடு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவள் ஆறேழு முறை தவறவிட்டாள். நீ உதவவில்லை, 'ஒன்றும் ஆகாது' என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நூல் காதுக்குள் நுழைந்தபோது கடிகாரத்தைப் பார்த்து, "பதினாலு நிமிஷம். எழுதி வை" என்றாய். அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்த நோட்டு. 14, 11, 12, 9. ஒவ்வொரு முறையும் உச்சிக்குப் போனது, தானாகவே இறங்கியது. அவள் கையெழுத்திலேயே அதற்குச் சாட்சி இருந்தது.

ஆலோசகர் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். பீதித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும், உடம்பால் அதே வேகத்தில் நெடுநேரம் ஓட முடியாது என்றார். பயத்தில் வேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது. விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். காற்று போதவில்லை என்று தோன்றும், ஆனால் உண்மையில் அளவுக்கு மேல் மூச்சுவிட்டுக்கொண்டிருப்போம். அவசரமாக உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவதுதான் உதவும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியத்தை இப்போது பரிந்துரைப்பதில்லையாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்தாக முடியும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொன்னார். அது வலித்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ஏலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய ஒரு சிகிச்சையில் பிள்ளைகள் வருவதே இல்லை, பெற்றோர் மட்டும்தான் வருகிறார்கள். பிள்ளையின் பயத்துக்காக வீட்டையே வளைத்துக்கொடுப்பதை அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தப் பழகுகிறார்கள். 7 முதல் 14 வயதுள்ள 124 பிள்ளைகளை வைத்து நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், பிள்ளைக்கே தரப்படும் சிகிச்சைக்கு இது சளைக்கவில்லை என்று தெரிந்தது. பெற்றோர் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: உனக்கு இது கஷ்டமாக இருக்கிறது என்று தெரியும், உன்னால் தாங்க முடியும் என்றும் தெரியும்.

நடுங்கட்டும், கோத்துக் கொடு. இதைத்தானே அம்மா நீ சொன்னாய்?

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் எனக்குத்தான் கடினமாக இருந்தன. இருபது முறை பதில் சொல்லிப் பழகிய வாயை மூட வேண்டியிருந்தது. பள்ளிக்கு முதலில் ஒரு பாடவேளை, அப்புறம் இரண்டு, அப்புறம் அரை நாள். போன் வந்தால் எடுக்காதே என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், வலிக்கும்படியாகவே. ஆலோசகர் கொடுத்த பயிற்சிக்காகச் சுழல் நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தலை சுற்றும்வரை சுற்றினாய். அந்த உணர்வுகள் வெறும் உணர்வுகள்தான் என்று உடம்புக்குக் காட்டும் பயிற்சி அது. அவள் இடையில் நிறுத்தினால், "பத்து சொன்னார், எட்டுதான் ஆச்சு" என்று அதட்டினாய்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் கதவுக்கு வெளியே நின்றபோது தற்செயலாகக் காதில் விழுந்தது. அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்கும் முப்பது வயதுக்கு மேல் இதே போல வந்ததாம். பேர் தெரியாதாம். யாரிடமும் சொல்லாமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பாயாம். "பொண்ணு வந்து கதவைத் தட்டுவா. அந்தப் பக்கம் போடின்னு கத்துவேன். என் முகத்தை அவ பார்த்துடக் கூடாதேன்னு."

அம்மா, அந்தக் கதவைத் தட்டியது எனக்கு நினைவிருக்கிறது. குழாய்ச் சத்தம் நினைவிருக்கிறது. என்மேல் உனக்கு அப்படி என்ன வெறுப்பு என்று அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு அப்போது ஏழு வயது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் யோசித்திருக்கிறேன்.

நீ அதை என்னிடம் நேரில் சொல்லமாட்டாய் என்று தெரியும். நானும் நேரில் கேட்டிருக்கமாட்டேன். அதனால்தான் கடிதம்.

போன வாரம் இவள் வகுப்போடு வெளியூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள். திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு முறை வந்ததாம். எனக்குப் போன் செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து 6 என்று எழுதிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போனாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில் ஒரு வரி இருப்பதை அன்றுதான் பார்த்தேன். தேதி இல்லை, பெயர் இல்லை. "எனக்கு: இருபது நிமிஷம் இருக்கும். யாரும் கணக்கு வைக்கல."

அடுத்த வாரம் வருகிறேன் அம்மா. உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். போடி என்றாலும் போகமாட்டேன்.

உன் மகள்