மஞ்சள் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு,

உங்கள் உடல்நலப் பக்கத்தில் கண்ணுக்கான லுட்டீன் மாத்திரை பற்றிப் படித்த அன்றுதான் வீட்டில் கோபி மஞ்சூரியன். கார்ன்ஃபிளார் பாக்கெட்டைப் பிரித்ததும் பேத்தி கேட்டாள், "பீச்சில வாங்கித் தந்த சோளம் மஞ்சளா இருந்துச்சே தாத்தா, இது ஏன் கோலமாவு மாதிரி இருக்கு?" நான் ஸ்டார்ச் ஆலை ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், அந்த மஞ்சள் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கோழிக்குப் போகிறது.

மக்காச்சோளத்தை ஒன்றரை, இரண்டு நாள் ஊறவைத்து அரைத்துப் பிரித்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஸ்டார்ச், அதாவது அந்தக் கார்ன்ஃபிளார். மீதி தவிடு, முளை, அப்புறம் குளூட்டன் என்கிற மஞ்சள் தூள். கையில் அள்ளினால் விரலிடுக்கில் அப்பிக்கொள்ளும், ஊறல் நீரின் புளித்த வாடை வேறு சட்டையை விட்டுப் போகாது. அந்தத் தூளில் சுமார் 60 சதவீதம் புரதம். நிறம் தருவது, நம் விழித்திரை நடுவிலும் இருக்கிற அதே லுட்டீனும் ஜியாசாந்தினும்தான். மாத்திரைக்குச் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுக்கிறார்கள், இதுவோ முட்டைக்கரு மஞ்சளாக வரவேண்டும் என்று தீவனத்தில் கலக்கப்படுகிறது. சரி, முட்டை சாப்பிடுகிறவர்களுக்குச் சுற்றி வந்து சேர்ந்துவிடுகிறது, கருவில் இருக்கிற கொழுப்பால் நன்றாகவே உடம்பில் சேரும்.

தவிட்டைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. கோதுமைத் தவிட்டைவிட இதில் ஃபெருலிக் அமிலம் என்கிற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் மிக அதிகம், ஆனால் நாரோடு இறுகிக் கிடப்பதால் சும்மா தின்றால் பெரும்பகுதி பெருங்குடல் வரை அப்படியே போய்விடும். மெக்சிகோக்காரர்கள் காலங்காலமாகச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கிறார்களே, அதில் இந்தப் பிணைப்பு தளர்கிறது, நயாசின் என்கிற பி3 வைட்டமினும் வெளிவருகிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற ஊர் நம்முடையது, சோளத்தில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை!

இதைப் படித்துவிட்டு யாரும் தீவனக் கடையில் தவிடு வாங்கிச் சப்பாத்தி மாவில் கலக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த சோளத்தில் இருக்கும் அஃப்ளாடாக்சின் என்கிற நச்சு ஸ்டார்ச்சில் தங்காமல் இந்த மிச்சங்களில்தான் போய்ச் சேரும். மக்காச்சோளம் விளைகிற பெரம்பலூர்க் களத்திலேயே அதை ஈரம் போகக் காயவைத்து, ஆலையில் ஒவ்வொரு லாட்டையும் சோதித்து, மனிதர் சாப்பிடும் தரத்தில் தவிடும் குளூட்டனும் கடைக்கு வர வேண்டும், அரசு அதற்கு ஆலைகளை நெருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. அதுவரை பேத்திக்கு பீச் சோளம்தான், தோலைத் துப்பாமல் மென்று தின்னச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை